வழக்கு என்ன ஆனது? அரசு வழக்கறிஞர் அலுவலகம் யாரிடம், எந்த மொழியில் பேச வேண்டும்?

சாம்பியன் ரீப்ஸ் (கோலார் தங்கவயல்): குற்ற வழக்கு ஒன்றை அரசின் பெயரால் நீதிமன்றத்தில் நடத்துபவர் அரசு வழக்கறிஞர். ஆனால், அதே வழக்கைப் பற்றி மக்களிடம் பேசுபவர் பெரும்பாலும் காவல்துறை அதிகாரி. கைது நடந்த நாளில் செய்தியாளர் சந்திப்பு நடைபெறுகிறது. தீர்ப்பு வரும் நாளில் நீதிமன்ற வாசலில் பேட்டி கிடைக்கிறது. இவ்விரண்டு நாட்களுக்கும் இடையே கழியும் ஆண்டுகளில், பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் "வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது" என்று அரசுத் தரப்பிலிருந்து முறையாகச் சொல்வது யார் என்ற கேள்விக்கு, இந்தியாவின் பெரும்பாலான வழக்குகளில் தெளிவான விடை இல்லை.

தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம், ஊரிகம் ஆகிய சுரங்கக் குடியிருப்புகளின் மக்கள், வட ஆர்க்காடு, சேலம் முதலான பகுதிகளிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்பிப் பிழைக்கிறார்கள். இவர்களது வீட்டு மொழி தமிழ். கீழமை நீதிமன்றங்களின் நடவடிக்கைகளோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன.

காவல்துறை அருகில், வழக்குத் தொடர்வு தொலைவில்

தங்கவயலுக்குத் தனிக் காவல் மாவட்டம் உண்டு. அதற்கெனத் தனிக் காவல் கண்காணிப்பாளரும் உண்டு. வருவாய் நிர்வாகத்தில் ஒரே மாவட்டமாக இருக்கும் கோலார், காவல் நிர்வாகத்தில் இரண்டாகப் பிரிந்திருப்பது சுரங்கக் காலத்தின் எச்சம். தங்கத் திருட்டைத் தடுப்பதும், பல்லாயிரம் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளைக் கண்காணிப்பதும் அன்றைய காவல் ஏற்பாட்டின் முதன்மை நோக்கங்களாக இருந்தன. 1930-ஆம் ஆண்டில் கைரேகைப் பதிவுக்கு எதிராகச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தம், தங்களைப் பற்றி அரசும் நிர்வாகமும் எழுதிவைக்கும் பதிவேடுகள் மீது அவர்களுக்கு இருந்த அச்சத்தைக் காட்டியது.

ஆக, காவல் தலைமையகம் இந்த மக்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. வழக்குத் தொடர்வு நிர்வாகமோ வருவாய் மாவட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. மாவட்டத் தலைநகரான கோலார், தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தங்கவயலிலேயே நீதிமன்றங்கள் இயங்குகின்றன. அவற்றில் அரசு வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள். ஆயினும், குற்றப்பத்திரிகை தாக்கலான பின்னரும் மக்கள் விவரம் கேட்டுச் செல்லும் இடமாகக் காவல் நிலையமே நீடிக்கிறது. புலனாய்வை முடித்துவிட்ட அதிகாரி, தன் கையைவிட்டுப் போன வழக்குக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை இது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் வழக்குத் தொடர்வு இயக்குநரகங்களைப் பற்றிப் பேசுகிறது. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளை இயக்குநர் கண்காணிக்க வேண்டும். ஏழு முதல் பத்தாண்டு வரையிலான தண்டனைக்குரியவை துணை இயக்குநரின் பொறுப்பு. ஏழாண்டுக்குக் குறைவானவை உதவி இயக்குநரின் பொறுப்பு. மேல்முறையீடு குறித்துக் கருத்துக் கூறுவதும் வழக்குகளை விரைவுபடுத்துவதும் இந்த அமைப்பின் பணிகள். பாதிக்கப்பட்டவருக்கோ பொதுமக்களுக்கோ தகவல் அளிப்பது குறித்து இந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை.

தகவல் உரிமை சட்டத்தின் பிற இடங்களில் சிதறிக் கிடக்கிறது. புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல் அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு. அரசு ஒரு வழக்கைத் திரும்பப் பெற விரும்பினால், பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்கிறது 360-ஆம் பிரிவு. முதலாவது கடமை காவல்துறையின் மீது. இரண்டாவது நீதிமன்றத்தின் மீது. வழக்கை நாள்தோறும் நடத்தும் அலுவலகம் இரண்டிலும் இடம்பெறவில்லை.

ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணை உள்ளிட்ட எந்த நீதிமன்ற நடவடிக்கை குறித்தும் துல்லியமான, உரிய நேரத்திலான தகவலைப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்குகிறது. அதைத் தெரிவிக்கும் பொறுப்பைச் சிறப்பு அரசு வழக்கறிஞர் அல்லது மாநில அரசின் மீது அது வெளிப்படையாகச் சுமத்துகிறது. இது கட்டாயக் கடமை என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

தங்கவயல் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சுரங்கக் குடும்பங்களில் மிகப் பலர் தலித் மக்கள். எனவே, இந்தப் பிரிவு இங்கே ஏட்டளவில் நின்றுவிடக் கூடியது அன்று. மேலும், வழக்கு விவரத்தைச் சொல்வது அரசு வழக்கறிஞரின் வேலையன்று என்ற வாதத்துக்கு நாடாளுமன்றமே பதில் அளித்துவிட்டது என்பதையும் அது காட்டுகிறது. ஒரு வகை வழக்குகளில் இயலும் என்று சட்டம் ஏற்ற ஒன்றைப் பிற கடுங்குற்ற வழக்குகளுக்கு விரிவுபடுத்துவதில் கொள்கைத் தடை ஏதும் இல்லை.

வெற்றிடத்தை நிரப்புவது யார்?

வழக்குத் தொடர்வு அமைப்புக்கு முறையான பேச்சு வழி இல்லாத இடத்தில், காவல்துறையின் செய்தியாளர் சந்திப்பு முன்னே வருகிறது. இதை ஒழுங்குபடுத்த 2010 ஏப்ரல் 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. நியமிக்கப்பட்ட அதிகாரிகள் மட்டுமே பேச வேண்டும், கைதானவர்களைச் செய்தியாளர்கள் முன் காட்சிப்படுத்தக் கூடாது என்பன அதன் சாரம். அது போதவில்லை என்பதால், 2023 செப்டம்பர் 13 அன்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, காவல்துறையினர் ஊடகங்களுக்குத் தகவல் அளிப்பது குறித்து விரிவான கையேட்டை மூன்று மாதங்களுக்குள் தயாரிக்குமாறு உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

அந்த உத்தரவின் கவனம் காவல்துறை மீதே இருந்தது. வழக்குத் தொடர்வு அலுவலகங்கள் எதைப் பேசலாம் என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

அரசு தவறாகப் பேசினால் விளைவு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு பாடங்கள் உள்ளன. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், புகார் அளித்த பெண்ணின் அடையாளம் காவல்துறையின் செய்தியாளர் சந்திப்பிலும், வழக்கை சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலும் வெளியானது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில், முதல் தகவல் அறிக்கையே இணையம் வழி வெளியானது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததுடன், மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இரண்டு நிகழ்வுகளிலும் அடையாளத்தைக் காக்க வேண்டிய அரசு இயந்திரத்தின் வழியாகவே அது வெளியேறியது. வெளியாகும் ஒவ்வொரு ஆவணத்தையும் "இதில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் சொல் ஏதேனும் உள்ளதா" என்று ஒருமுறை பார்த்து அனுப்பும் பொறுப்பு ஒருவரிடம் இருந்திருந்தால், இத்தகைய பிழைகளைத் தடுத்திருக்க வாய்ப்பு உண்டு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பது, அந்தப் பொறுப்பின் தீவிரத்தை உணர்த்தும்.

வழக்கறிஞரே கதை சொன்னால்...

அரசு வழக்கறிஞர் நேரடியாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கருத முடியாது. மும்பை தாக்குதல் வழக்கின் சிறப்பு அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம், 2015 மார்ச் மாதம் ஜெய்ப்பூரில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். சிறையில் அஜ்மல் கசாப் ஆட்டிறைச்சி பிரியாணி கேட்டதாக விசாரணைக் காலத்தில் ஊடகங்களிடம் தாம் கூறியது தாமே புனைந்தது என்றார். கசாப் மீது எழக்கூடிய அனுதாப அலையைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகவும் விளக்கினார்.

கசாப் மீதான குற்றம் சான்றுகளால் உறுதியானது. அதற்கு அந்தப் பிரியாணிக் கதை தேவைப்படவில்லை. ஆனால், அரசின் சார்பில் வாதாடுபவர் வெளியே சொன்னது பொய் என்று பல ஆண்டுகளுக்குப் பின் தெரியவரும்போது, அடுத்த வழக்கில் அரசு வழக்கறிஞர் சொல்லும் உண்மையும் ஐயத்துக்கு உள்ளாகிறது. அந்த ஒரு சொல் அரசியல் மேடைகளில் பல ஆண்டுகள் உலவியது.

அமெரிக்காவில் விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங், 2006-இல் டியூக் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் மீதான பாலியல் குற்றச்சாட்டு குறித்துத் தொடர்ந்து பேட்டிகள் அளித்தார். 2007 ஏப்ரலில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. சோதனை முடிவுகளை மறைத்தமைக்காகவும், வழக்கைப் பாதிக்கும் வகையில் ஊடகங்களில் பேசியமைக்காகவும் அதே ஆண்டு ஜூன் மாதம் அவரது வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது.

பிற நாடுகளில் இந்தப் பணி எப்படி நடக்கிறது?

இத்தகைய அனுபவங்களால், பல நாடுகளில் வழக்கு நடத்துபவரும் மக்கள் தொடர்பைக் கவனிப்பவரும் வெவ்வேறு நபர்களாக உள்ளனர். அமெரிக்க நீதித்துறைக்குப் பொது விவகார அலுவலகம் ஒன்று உண்டு. குற்றச்சாட்டு பதிவான செய்தியை வெளியிடும்போது, "இது குற்றச்சாட்டு மட்டுமே, நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதியாகவே கருதப்படுவார்" என்ற பொருளில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பது அங்கே வழக்கம். குற்றம் சாட்டப்பட்டவர் மீது பொதுமக்களின் வெறுப்பைத் தூண்டும் கருத்துகளை அரசு வழக்கறிஞர் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நெறிமுறை.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான அரச வழக்குத் தொடர்வு சேவை 1986 முதல் இயங்குகிறது. ஒரு வழக்கைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிப்பதும், அந்த முடிவை மறுஆய்வு செய்யக் கோரும் வாய்ப்பை அளிப்பதும் அதன் நடைமுறைகளில் அடங்கும். வேல்ஸ் பகுதியில் அது வெல்ஷ் மொழியிலும் மக்களுடன் தொடர்பு கொள்கிறது. இலங்கையில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் சார்பில் ஊடகங்களுடன் பேச ஓர் ஒருங்கிணைப்பு அதிகாரி செயல்பட்ட காலம் உண்டு.

இவற்றிலிருந்து, அந்தப் பணியின் எல்லையை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்.

சொல்லத் தக்கவை:
- வழக்கு எண், நீதிமன்றம், குற்றச்சாட்டுப் பிரிவுகள், அடுத்த விசாரணை தேதி
- வழக்கு தள்ளிவைக்கப்பட்டதற்கான, திறந்த நீதிமன்றத்தில் பதிவான காரணம்
- ஜாமீன் உத்தரவின் நிபந்தனைகள், அவை மீறப்பட்டால் யாரை அணுகுவது என்ற விவரம்
- தீர்ப்பின் சாரமும், மேல்முறையீடு குறித்த முடிவும்

சொல்லத் தகாதவை:
- பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் அடையாளம் காட்டும் எதுவும்
- நீதிமன்றத்தில் இன்னும் நிறுவப்படாத வாக்குமூலங்கள், தடயவியல் முடிவுகள்
- குற்றம் சாட்டப்பட்டவரின் குணம், சாதி, மதம், குடும்பம் பற்றிய கருத்துகள்
- தீர்ப்பு எப்படி அமையும் என்ற முன்கணிப்பு

குற்றப்பத்திரிகையே பொது ஆவணம் அன்று என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும், நடிகர் தர்ஷன் குற்றம் சாட்டப்பட்டுள்ள கொலை வழக்கில் குற்றப்பத்திரிகையின் உள்ளடக்கத்தை ஊடகங்கள் வெளியிடுவதற்கு 2024 செப்டம்பர் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதிகாரபூர்வ விவரம் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் கசிந்த ஆவணத்துக்கு மதிப்பு ஏறுகிறது. முறையான தகவல் வழி அந்தச் சந்தையை ஓரளவேனும் குறைக்கும்.

மொழி என்னும் இரண்டாம் தடை

தங்கவயலில் ஓர் அரசு வழக்கறிஞர் அலுவலகம் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தெரிவிப்பதாகவே வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ கன்னடத்தில் மட்டும் இருந்தால், சாம்பியன் ரீப்ஸின் முதிய சுரங்கத் தொழிலாளி ஒருவர் அதைப் படித்துக்காட்ட வேறொருவரை நாட வேண்டும். பாலியல் வன்கொடுமை அல்லது குடும்ப வன்முறை வழக்காக இருந்தால், அந்த "வேறொருவர்" தெருவில் அறிமுகமானவராகவே இருப்பார். தகவலுடன் அந்தரங்கமும் கைமாறிவிடும். இன்றைய இளைஞர்கள் கன்னடம் கற்றிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால், பேருந்தில் பேசும் கன்னடமும் நீதிமன்ற ஆணையின் கன்னடமும் ஒன்றல்ல.

இதற்கான அடிப்படை ஏற்கெனவே உள்ளது. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படுத்தப்படும் எந்த மொழியிலும் குறைதீர்ப்பு மனு அளிக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் உறுப்பு. மொழிச் சிறுபான்மையினர் கணிசமான விகிதத்தில் வாழும் பகுதிகளில் முக்கிய அரசு அறிவிப்புகள் அவர்களது மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என்பது, 1956-இல் மாநிலச் சீரமைப்பை ஒட்டி உருவான பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று. அதற்கான அளவுகோல் மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காடு. விசாரணையின்போது சாட்சியம் புரியாத மொழியில் இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் அதை நீதிமன்றத்திலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கூறுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு எந்த மொழியில் பேச வேண்டும் என்பது மட்டும் இந்த வரிசையில் விடுபட்டு நிற்கிறது.

மொழிபெயர்ப்பு இயலாத காரியம் அன்று. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கை 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்கு மாற்றியபோது, தமிழில் இருந்த பெருந்தொகையான ஆவணங்களும் சாட்சியங்களும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. முன்னாள் முதல்வர் ஒருவரின் வழக்குக்காக கர்நாடக மண்ணில் அந்த உழைப்பு சாத்தியமாயிற்று. ஒரு பக்க வழக்கு நிலவரத்தைத் தமிழில் அச்சிடுவதற்குத் தேவைப்படும் உழைப்பு அதில் மிகச் சிறிய பங்கு.

எதிர்வாதங்கள்

இந்த யோசனைக்கு இரண்டு வலுவான ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, பணிச்சுமை. அரசு வழக்கறிஞர்கள் நாள்தோறும் பல வழக்குகளைக் கையாள்கிறார்கள். கடிதம் எழுதவும் விளக்கம் சொல்லவும் நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் இது தனிப் பணியாக இருக்க வேண்டும். சட்ட அறிவும் மொழியறிவும் கொண்ட ஓர் அலுவலரை மாவட்ட இயக்குநரகத்தில் அமர்த்தினால், வழக்கறிஞரின் நேரம் மிச்சமாகும். இ-கோர்ட்ஸ் செயலி அடுத்த விசாரணை தேதியைக் காட்டிவிடுகிறது. அந்தத் தேதியில் என்ன நடக்கும், தாம் வர வேண்டுமா, வராவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க ஒரு மனிதர் தேவை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியை நியமித்தால், அவர் ஆட்சியாளர்களின் விளம்பர அதிகாரியாக மாறிவிடமாட்டாரா? மாறலாம். அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கும் பொறுப்பானவர். எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவரது கடமை ஆகாது. அவரது அலுவலகத்தின் குரலுக்கும் அதே கட்டுப்பாடு பொருந்த வேண்டும். செய்தித் துறையின் கீழ் அல்லாமல் இயக்குநரின் கீழ் அந்தப் பதவி அமைவதும், விடுதலைத் தீர்ப்பையும் தண்டனைத் தீர்ப்பையும் ஒரே அளவில் அறிவிக்கும் விதி எழுத்தில் இருப்பதும் குறைந்தபட்சக் காப்புகள். தோற்ற வழக்கைப் பற்றி மௌனம் காத்து, வென்ற வழக்குக்கு மட்டும் அறிக்கை வெளியிடும் அலுவலகம் தகவல் தருவதாகக் கருத முடியாது.

சாட்சி நிலைத்து நிற்பது எதனால்?

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாக மாறவில்லை என்று சிபிஐ தரப்பு வழக்கறிஞர் அன்று செய்தியாளர்களிடம் தெரிவித்தார். தொடக்கத்தில் அரசின் வாயிலிருந்தே அடையாளம் கசிந்த ஒரு வழக்கில், ஆறு ஆண்டுகளுக்குப் பின் இத்தகைய முடிவு கிடைத்தது. பெண்களின் துணிவு அதற்கு முதற்காரணம்; மூடிய அறையில் நடந்த விசாரணையும் அடையாளப் பாதுகாப்பும் அந்தத் துணிவுக்கு அரணாக அமைந்தன.

பெரிய வழக்குகளில் ஊடகக் கவனமும் உயர் நீதிமன்றக் கண்காணிப்பும் இந்த அரணைக் கட்டித் தருகின்றன. தங்கவயலின் கீழமை நீதிமன்றத்தில் நடக்கும் ஒரு தாக்குதல் வழக்குக்கோ, வன்கொடுமை வழக்குக்கோ அந்தக் கவனம் கிடைக்காது. அங்கே சாட்சி நாளடைவில் தளர்வதற்குப் பணமும் மிரட்டலும் மட்டும் காரணங்கள் அல்ல. ஒரு நாள் கூலியை இழந்து வந்த பிறகு, இன்று விசாரணை இல்லை என்று கேட்டுத் திரும்புவதும் ஒரு காரணம். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளிவந்ததைத் தெருவில் அவரை நேரில் பார்த்து அறிவதும் ஒரு காரணம்.

15ஏ பிரிவின் கடமையைத் தங்கவயல் நீதிமன்றங்களில் முழுமையாக நிறைவேற்றுவதும், அந்த அறிவிப்புகளைக் கன்னடத்துடன் தமிழிலும் வழங்குவதும் புதிய சட்டம் எதையும் கோராத முதல் படி. அதற்குத் தேவையானவை மாநில அரசின் ஓர் ஆணையும், மாவட்ட இயக்குநரகத்தில் ஒரு மேசையும், பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலரும் மட்டுமே. அடுத்த ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாளில், புகார் கொடுத்த குடும்பத்துக்கு அந்தச் செய்தி முன்கூட்டியே சென்று சேர்ந்ததா என்பதே இந்த ஏற்பாட்டின் பயனை அளக்கும்.